இரண்டடி தூரம்

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்கக் கேட்கும் வாக்கியம் ஒன்றுதான்: "வாட்ஸப்புல போட்டு விடுங்க." போன வாரம் எனக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவி நின்றிருந்தாள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட், நாற்பத்திரண்டு பக்கம். "அண்ணா, உங்க நம்பர் சொல்லுங்க" என்றாள். சுவரில் ஒட்டியிருந்த எண்ணைக் கடைக்காரர் பேனாவால் சுட்டினார். அவளுடைய செல்பேசிக்கும் அவருடைய கணினிக்கும் நடுவில் கண்ணாடி போட்ட ஒரு மேசை. அளந்தால் இரண்டடி இருக்கும். கோப்பு போகவில்லை. "இங்க டவரே கிடைக்கலண்ணா" என்று கடையை விட்டு இறங்கி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நடுத்தெருவில் நின்றாள். அப்புறம்தான் போனது.

அந்தக் கோப்பு போன வழியை யோசித்துப் பாருங்கள். பக்கத்துத் தெரு டவருக்கு ஏறி, அங்கிருந்து ஃபைபரில் இறங்கி, செல்பேசி நிறுவனத்தின் மையத்தைத் தாண்டி, எங்கோ இருக்கும் ஒரு சர்வரைத் தொட்டு, வேறொரு நிறுவனத்தின் பிராட்பேண்ட் கேபிள் வழியாக அதே தெருவுக்கு, அதே கடைக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான் இது.

இத்தனைக்கும் இரண்டு கருவியிலும் வைஃபை இருக்கிறது, புளூடூத் இருக்கிறது. பிறகு ஏன் நேராகப் போகவில்லை? வேகம் போதாததுதான் காரணம் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. காற்றின் வழியே கோப்பைக் கொண்டுபோகும் வேலை எப்போதோ சுலபமாகிவிட்டது. முன்பின் தெரியாத இரண்டு கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதும், கண்ட பிறகு நம்புவதும்தான் இன்னமும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்ப ஒரு பொது ஒழுங்குமுறை வேண்டும் என்ற யோசனை பழையது. எஃப்.டி.பி. எனப்படும் அந்த முறையின் முதல் வரைவு 1971 ஏப்ரலில் வெளியானது. எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனவர். அவர் காலத்துக் கணினிகள் அறையை அடைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தவை, கம்பியால் கட்டப்பட்டவை. எந்தக் கணினி எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டைப் பையில் ஏறி ஊர் சுற்றும் கணினிக்குத்தான் 'யார் நீ, எங்கே இருக்கிறாய்' என்ற கேள்வி வந்தது.

கம்பியை முதலில் அறுத்தது அகச்சிவப்பு ஒளி. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் செல்பேசி வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: இரண்டு போன்களைத் தலையோடு தலை முட்ட வைத்து, கை பட்டு நகர்ந்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ரிங்டோனை அனுப்புவோம். டிவி ரிமோட்டில் இருக்கும் அதே சங்கதிதான். ஆரம்ப முறையில் நொடிக்கு 115 கிலோபிட் போகும். ஒரு துண்டுக் காகிதம் குறுக்கே வந்தால் நின்றுவிடும். ஆனால் அதில் ஒரு வசதி இருந்ததை இப்போதுதான் உணர்கிறேன். யாருக்கு அனுப்புகிறோம் என்ற குழப்பமே கிடையாது. எதிரே முட்டிக்கொண்டிருக்கும் போனுக்கு மட்டும்தான் போகும். அறிமுகம், நம்பிக்கை இரண்டும் கையாலேயே முடிந்தன.

அடுத்து வந்த புளூடூத்துக்கு எதிரெதிரே வைக்க வேண்டியதில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர் தொடங்கிய வேலை அது. 1998-இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஐந்தும் கூட்டுச் சேர்ந்து அதைப் பொதுத்தரம் ஆக்கின. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்ட் புளூடூத்தின் பெயரை வைத்தார்கள்; அந்த நீலச் சின்னம்கூட அவருடைய பெயரின் முதலெழுத்துகளைப் பழைய ரூன் எழுத்தில் ஒன்றின்மேல் ஒன்று எழுதியதுதான். கோப்பைப் பொட்டலம் கட்டி நீட்டும் முறையை மட்டும் அகச்சிவப்புக் காலத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில். உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட பட்டை அது. யாரும் என்றால் யாரும்தான்: வைஃபை, கம்பியில்லா மவுஸ், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு வரை. சந்தைக்கடை மாதிரி இரைச்சல். இந்த இரைச்சலில் பேச்சு அறுபடாமலிருக்க, புளூடூத் அந்தப் பட்டையை 79 தடங்களாகப் பிரித்து நொடிக்கு 1,600 முறை தடம் மாறிக்கொண்டே பேசுகிறது. ஒரு தடத்தில் மைக்ரோவேவ் குறுக்கிட்டால் அடுத்த நொடித்துளியில் வேறு தடம். இப்படித் தாவும் யோசனைக்கு 1942-இல் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். கூட்டாளி ஜார்ஜ் ஆன்டைல் என்ற இசையமைப்பாளர். பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளைச் சொல்லியிருந்தார்கள். லமார்தான் புளூடூத்தையே கண்டுபிடித்தார் என்று அவ்வப்போது வாட்ஸப்பில் சுற்றுவது மிகை. யோசனை அவருக்கு மட்டுமே உரியதும் இல்லை. இருந்தாலும் அந்தக் காப்புரிமை நிஜம்.

சரி, வேகம்? புளூடூத்தின் ஒரு தடம் ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலம். ஒற்றையடிப் பாதை. கோப்பு அனுப்பும்போது மேம்பட்ட வகையில்கூட நொடிக்கு இரண்டு மெகாபிட் தேறினால் அதிகம். வைஃபை தடமோ 20 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 40, 80 என்று அகலும். அகலமான பாதை, அதில் ஓடும் வண்டியும் அதிகம். வளைகாப்பில் எடுத்த 1.2 ஜிபி வீடியோ ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். பைட்டை பிட்டாக்க எட்டால் பெருக்கினால் 9,600 மெகாபிட். புளூடூத்தில் 4,800 நொடி, அதாவது 80 நிமிடம். வைஃபையில் நொடிக்கு 200 மெகாபிட் கிடைத்தாலே 48 நொடி.

இந்த வித்தியாசம் புரிந்தவர்கள் ஆளுக்கொரு ஆப் செய்தார்கள். நம் ஊரில் அப்போது கொடிகட்டிப் பறந்தவை ஷேர்இட்டும் எக்ஸெண்டரும். பேருந்து நிலையத்தில் நின்றபடி முழுப் படத்தையும் நண்பனுக்கு ஏற்றிவிட்டுப் பேருந்து ஏறியவர்கள் உண்டு. உள்ளே நடந்தது பெரிய மாயம் இல்லை. ஒரு போன் ஹாட்ஸ்பாட் திறக்கும், இன்னொன்று அதில் ஏறிக்கொள்ளும், அனுப்புகிற போன் ஒரு குட்டி சர்வராக மாறிக் கோப்பை நீட்டும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 சீன ஆப்களில் இவை இரண்டும் இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் தன் நியர்பை ஷேரை ஆண்ட்ராய்டில் இறக்கியது. ஆனால் கணினி? விண்டோஸுக்கான நியர்பை ஷேர் முழுமையாக வெளிவர 2023 ஜூலை ஆகிவிட்டது. அந்த இடைவெளியில்தான் ஜெராக்ஸ் கடைகள் வாட்ஸப்புக்கு மாறின என்பது என் ஊகம்.

ஹாட்ஸ்பாட் வழி இன்றைக்கும் நல்ல வழிதான். "ஹாட்ஸ்பாட் போட்டா டேட்டா போயிடுமே" என்று பயப்படுபவர்களுக்கு: உங்கள் போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையே போகும் கோப்பு இணையத்தைத் தொடுவதே இல்லை. அதற்கு ஒரு எம்பிகூடச் செலவாகாது. ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். லேப்டாப்புக்கு இணையம் கிடைத்தது தெரிந்தால், அது பாட்டுக்குப் பின்னால் விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கி, அன்றைய ஒன்றரை ஜிபியைக் காலை பத்து மணிக்கே தீர்த்துவிடும். பட்டறிந்து சொல்கிறேன்.

வீட்டு ரவுட்டர் வழியாக அனுப்பும்போது இன்னொரு சின்ன விஷயம். செல்பேசியும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தாலும் அவை நேரடியாகப் பேசுவதில்லை. போன் ரவுட்டரிடம் சொல்ல, ரவுட்டர் அதையே கணினிக்குத் திருப்பிச் சொல்லும். ஒரே தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை இடம்பிடிக்கிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. மேசைக் கணினியை ரவுட்டரோடு லேன் கேபிளால் இணைத்துவிட்டால் இரண்டாவது பயணம் கம்பியில் போய்விடும். காற்று போனுக்கு மட்டும். செலவில்லாத வைத்தியம், ஆனால் யாரும் செய்வதில்லை.

இனி அறிமுகத்துக்கு வருவோம். ஒரே ரவுட்டரில் ஏறிய இரண்டு கருவிகளுக்கும் ஆளுக்கொரு எண் முகவரி உண்டு. ஆனால் ஒன்றின் முகவரி மற்றதற்குத் தெரியாது. கேட்டுச் சொல்லத் தனியாக ஆளும் இல்லை. என்ன செய்வது? திருவிழாவில் தொலைந்த பிள்ளையை மைக்கில் அழைப்பது போலக் கூவ வேண்டியதுதான். அதற்கென்றே சில பொது முகவரிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு அனுப்பும் செய்தி அந்தச் சிறு வலைப்பின்னலில் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாக் கருவிக்கும் போகும். 224.0.0.251 என்பது அப்படி ஒன்று, "இங்கே அச்சுப்பொறி யாராவது இருக்கிறீர்களா?" என்று உங்கள் கணினி கேட்பது அங்கேதான். லோக்கல்செண்ட் என்ற இலவச ஆப் 224.0.0.167 என்ற முகவரியில் 53317-ஆம் வாசலில் நின்று "நான் வந்திருக்கிறேன்" என்கிறது. அதே ஆப் இருக்கும் இன்னொரு கருவி "நானும் இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடைமொழியும் ஒரு பழமோ காயோ சேர்த்து அதுவே பெயர் வைத்துக்கொள்கிறது. என் பழைய மடிக்கணினி இப்படித்தான் ஒரு நாள் மாம்பழம் ஆனது. லோக்கல்செண்ட் விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் ஐந்திலும் ஓடும். கணக்குத் திறக்கத் தேவையில்லை, இணையமும் தேவையில்லை.

கூவியும் பதில் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சில்லறையானது. போன் தெரியாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் உங்கள் வீட்டு வைஃபையைப் 'பொது வலைப்பின்னல்' என்று குறித்துவைத்து, யார் கூப்பிட்டாலும் வாய் திறக்காமல் இருக்கும். விடுதிகளிலும் கல்லூரிகளிலும் கதை வேறு. அங்கே ரவுட்டரே ஏறியவர்களை ஒருவருக்கொருவர் பார்க்கவிடாமல் திரை போட்டிருக்கும். பக்கத்து அறைக்காரர் உங்கள் கணினியைத் துழாவாமலிருக்கச் செய்த ஏற்பாடு. உங்கள் போனுக்கும் உங்கள் லேப்டாப்புக்கும் நடுவிலும் அதே திரைதான். அங்கே மல்லுக்கட்டாமல் ஹாட்ஸ்பாட்டுக்குப் போய்விடுங்கள்.

ரவுட்டரே இல்லாத இடத்தில் அறிமுகம் செய்துவைக்கும் கெட்டிக்காரத்தனமான வழியை ஆப்பிளின் ஏர்டிராப் கையாள்கிறது. 2011-இல் மேக் கணினிகளுக்கிடையே தொடங்கி, 2014-இல் ஐபோனுக்கும் மேக்குக்கும் இடையே வந்த வசதி. அதில் வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். மின்கலத்தை அதிகம் தின்னாத புளூடூத் வகை, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முணுமுணுத்துக் கண்டுபிடிக்கும். ஆள் கிடைத்ததும் வைஃபையை எழுப்பி, ரவுட்டர் இல்லாமலே இரண்டு கருவிக்கும் நடுவே நேர்ப்பாதை போட்டுக் கோப்பை அனுப்பும். தரகர் ஒருவர், வண்டிக்காரர் ஒருவர். கூகுளின் முறையும் இதே போக்குதான்.

கண்டாயிற்று. நம்புவது எப்படி? கூவிப் பேசும் இடத்தில் எல்லார் காதிலும் விழும். இரண்டு பேர் மட்டும் ஒரு ரகசிய எண்ணை முடிவுசெய்ய வேண்டும். அதையும் எல்லார் முன்னாலும் உரக்கப் பேசியே செய்ய வேண்டும். முடியாத காரியம் போலத் தோன்றுகிறது. 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வழி சொன்னார்கள். பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள், சின்ன எண்களே போதும்.

3, 17 என்ற இரண்டு எண்களை ஊரறியச் சொல்லிவிடுகிறோம். போன் தன் மனதுக்குள் 6 என்று நினைத்துக்கொள்கிறது. 3-ஐ ஆறு முறை பெருக்கினால் 729. அதை 17-ஆல் வகுத்தால் மீதி 15. இந்த 15-ஐ உரக்கச் சொல்கிறது. கணினி தன் மனதுக்குள் 7 என்று நினைத்து, 3-ஐ ஏழு முறை பெருக்கி (2,187), 17-ஆல் வகுத்த மீதியான 11-ஐ உரக்கச் சொல்கிறது. இப்போது போன், காதில் விழுந்த 11-ஐத் தன் ரகசியப்படி ஆறு முறை பெருக்கி 17-ஆல் வகுக்கிறது: மீதி 8. கணினி, காதில் விழுந்த 15-ஐ ஏழு முறை பெருக்கி 17-ஆல் வகுக்கிறது: மீதி அதே 8. இருவர் கையிலும் ஒரே சாவி. ஒட்டுக்கேட்டவனுக்குத் தெரிந்தது 3, 17, 15, 11 மட்டும். 17 சின்ன எண் என்பதால் அவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். நிஜத்தில் அந்த இடத்தில் பல நூறு இலக்க எண்ணோ, அதற்கு நிகரான கடினமுள்ள வேறு கணக்கோ இருக்கும்; போட்டுப் பார்த்து முடிக்க ஆயுசு போதாது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை. ஒட்டுக்கேட்பவன் சும்மா கேட்டுக்கொண்டிருக்காமல் நடுவில் புகுந்தால்? போனிடம் "நான்தான் கணினி" என்பான், கணினியிடம் "நான்தான் போன்" என்பான். இரண்டு பக்கமும் தனித்தனிச் சாவி போட்டுக்கொண்டு, கோப்பை வாங்கிப் படித்துவிட்டு அந்தப் பக்கம் தள்ளிவிடுவான். இரு தரப்புக்கும் சந்தேகமே வராது. இந்த இடத்தில் கணக்குக்கு மனிதக் கண் தேவைப்படுகிறது. புளூடூத்தில் இணைக்கும்போது இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் ஒன்று வந்து "இரண்டும் ஒன்றா?" என்று கேட்கிறதே, அது இதற்காகத்தான். நடுவில் யாரும் இல்லையென்றால் இரண்டும் ஒத்துப்போகும். எவனாவது இருந்தால் சாவிகள் வேறு, எண்களும் வேறு. தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. 2007-இல் வந்த இந்த ஏற்பாட்டுக்கு முன்பு 0000 அல்லது 1234 என்று தட்டுவோம், ஞாபகமிருக்கிறதா? அது பூட்டே இல்லை, தாழ்ப்பாள். இப்போதும் நம்மில் பாதிப் பேர் எண்ணைப் பார்க்காமலே 'ஜோடி சேர்' என்பதை அழுத்துகிறோம். நானும்தான் அழுத்திக்கொண்டிருந்தேன், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்வரை.

பெரிய நிறுவனங்களும் இந்த நம்பிக்கை விஷயத்தில் சறுக்கியதுண்டு. ஏர்டிராப்பில் 'தொடர்பில் உள்ளவர்கள் மட்டும்' என்று வைத்தால், எதிரே இருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று பார்க்க இரு கருவியும் தொலைபேசி எண்களை ஒப்பிட வேண்டும். எண்ணை அப்படியே சொல்லாமல், அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாதது போன்ற ஒருவழிக் கணக்கில் அரைத்து அனுப்புகிறார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் இது போதாது என்று காட்டினார்கள். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாதுதான். ஆனால் இருக்கிற அரிசியையெல்லாம் ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்து எது பொருந்துகிறது என்று சொல்லிவிடலாமே! நம் நாட்டுக் கணக்கையே போடுங்கள். செல்பேசி எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதோ ஒன்றில் தொடங்கும். மொத்தம் 400 கோடி எண்கள். நமக்குத் தலைசுற்றும் எண்ணிக்கை, இன்றைய கணினிக்குச் சின்ன வேலை.

'எல்லாரும் அனுப்பலாம்' என்று திறந்து வைப்பதில் வேறு சங்கடங்கள். முகம் தெரியாதவர்கள் ரயிலில் வேண்டாத படங்களைத் தள்ளிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. 2019 ஹாங்காங் போராட்டத்தில் அதே திறந்த வாசல் வழியே துண்டறிக்கைகள் போனுக்குப் போன் பாய்ந்தன. 2022 நவம்பரில் ஆப்பிள் சீனாவில் அந்த வாசலைப் பத்து நிமிடத்துக்கு மேல் திறந்துவைக்க முடியாதபடி மாற்றியது. அடுத்த மாதமே உலகம் முழுவதற்கும் அதே விதி வந்தது. ஒரே மாற்றம் ஓரிடத்தில் வாயடைப்பாகவும் வேறிடத்தில் நிம்மதியாகவும் இருந்தது.

இதற்கெல்லாம் மேலே நிறுவனங்களின் வேலிச் சண்டை. ஐபோனில் புளூடூத் இருக்கிறது; அதன் வழியாக ஆண்ட்ராய்டு போனுக்கு ஒரு படம் அனுப்ப ஆப்பிள் வழி வைக்கவில்லை. கூகுளும் சாம்சங்கும் தங்கள் இரு முறைகளையும் 2024 ஜனவரியில் குவிக் ஷேர் என்ற ஒரே பெயரில் இணைத்தன. 2025 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் 10 போனிலிருந்து ஏர்டிராப்புக்கு அனுப்பவும் வாங்கவும் வழி செய்தது. 1998-இல் ஐந்து நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த காரியத்தின் அருமை இப்போது தெரிகிறது. கோப்பு வந்து சேர்ந்தாலும் திறக்க வேண்டுமே என்பது தனிக் கவலை: 2017 முதல் ஐபோன் படங்களை ஹெச்.இ.ஐ.சி. வடிவில் சேமிக்கிறது, பழைய விண்டோஸ் கணினியில் அது வெறும் வெள்ளைத் தாளாக முழிக்கும்.

இவ்வளவும் படித்த உற்சாகத்தில் ஒரு மத்தியானம் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் லோக்கல்செண்டைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா வர்றவங்க போன்ல அது இருக்காதே. ஒவ்வொருத்தரையும் இன்ஸ்டால் பண்ணச் சொல்லி, என் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லி... நான் எப்ப சார் ப்ரிண்ட் போடுறது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. சுவரில் ஒட்டிய அந்தப் பத்து இலக்க எண்தான் அவர் கடைக்கு அறிமுகம். அது எல்லாருடைய போனிலும் ஏற்கெனவே வேலை செய்கிறது. இரண்டடியைக் கடக்க ஊரைச் சுற்ற வைத்தாலும், 'யார் நீ' என்ற கேள்வியை அது ஒரே வரியில் முடித்துவிடுகிறது. சொந்த போனுக்கும் சொந்தக் கணினிக்கும் இடையே லோக்கல்செண்டோ குவிக் ஷேரோ ஏர்டிராப்போ போதும், சர்வர் பக்கமே போக வேண்டாம். அந்நியர் கடையில் வாட்ஸப்பை இப்போதைக்கு எதுவும் அசைக்காது. படம் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், அப்போதுதான் தரம் குறையாது.

இன்னொன்று. வாட்ஸப் வழியில் யாரும் படிக்க முடியாதபடிதான் கோப்பைப் பூட்டி அனுப்புகிறது. பூட்டு திறப்பது கடைக்காரரின் கணினியில். அன்று அவர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். ஆதார், பான் கார்டு, வங்கிப் பாஸ்புக், யாருடையதோ ஸ்கேன் ரிப்போர்ட் என்று பல மாதத்துக் கோப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவர்மேல் தப்பில்லை, யாரும் அழிக்கச் சொன்னதில்லை. அடுத்த முறை ப்ரிண்ட் எடுத்துக் காசு கொடுக்கும்போது, "அண்ணே, டவுன்லோட்ஸ்லயும் சாட்லயும் அதை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அழிக்கும்வரை நின்று பாருங்கள். எங்கள் கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்கிறார்.